இருபது மைக்ரோவாட்டுக்குள் ஓர் இதயம்

லிஃப்ட் மெக்கானிக்கின் இதயத்துக்கு டாக்டரைக் கண்டதும் நல்ல பிள்ளையாகிவிடும் குணம் இருந்தது. வீட்டில், பஸ்ஸில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கயிற்றைச் சரிபார்க்கும்போது, அது இஷ்டத்துக்குத் துள்ளும். ஒரு துடிப்பை விட்டுவிட்டு யோசிக்கும். விட்டதையெல்லாம் சேர்த்து நாலைந்தாக அடித்துத் தீர்க்கும். ஆஸ்பத்திரிப் படுக்கையில் படுக்கவைத்து மார்பில் ஒயர்களை ஒட்டிவிட்டால் போதும், பரீட்சைக்கு வந்த முதல் பெஞ்சு மாணவனைப் போல அடக்க ஒடுக்கமாகப் பதில் சொல்லும். ஆறு முறை ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஆறையும் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருந்தது.

டாக்டர் அவரை நம்பினார். முப்பது வருஷமாக இதயங்களைப் பார்த்துக் களைத்துப்போன பெண்மணி அவர். மனிதர்கள் சொல்லும் பொய்யைவிட இதயங்கள் சொல்லும் பொய்யை அதிகம் கேட்டவர்.

"இது வந்து வந்து போற ரகம்," என்றார். "வரும்போதே கையும் களவுமா பிடிக்கணும். பிடிச்சிட்டா, தொடை வழியா ஒரு மெல்லிசு கம்பியை உள்ள விட்டு, தப்பா துடிக்கிற இடத்தை லேசா சுட்டு விட்டுடலாம். ரெண்டு மூணு நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்."

"பிடிக்கலைன்னா டாக்டர்?"

"என்னைக்காவது உள்ள ரத்தம் கட்டி மூளைக்குப் போயிடும். அப்புறம் ஒரு கை ஒரு கால் வராது. இல்ல, கூண்டு மேல நிக்கும்போது தலை சுத்திச்சுன்னா அதுவரைக்கும்கூடக் காத்திருக்க வேண்டாம்."

மெக்கானிக்குக்கு வயது ஐம்பத்து மூன்று. ஏற்கெனவே இரண்டு முறை தலை சுற்றியிருந்தது. அதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை. மனைவிக்கு அது தெரியும் என்பதும் அவருக்குத் தெரியாது.

சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டுமென்றால், குறைமின் இதயத்துடிப்புக் கண்காணிப்பு வாரியம் கொடுக்கும் 'ஒழுங்கின்மைச் சான்று' வேண்டும். அதற்கு வாரியத்தின் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டு பதினான்கு நாள் இருக்க வேண்டும். டாக்டரே கட்டிவிட்டார்.

பட்டையைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்குள் அரிசியளவில் ஒரு சில்லு. மூளை நரம்புகளைப் போல அடுக்கடுக்காகப் பின்னிய ஒரு குட்டிக் கணக்கு அதில் ஓடுகிறது. ஆயிரக்கணக்கானவர்களின் துடிப்பைக் காட்டி அதைப் பழக்கியிருக்கிறார்கள். அதன் சாமர்த்தியமே தூக்கத்தில்தான் இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஓர் ஓரம் மட்டும் காவலுக்கு விழித்திருக்கும், மற்றதெல்லாம் தூங்கும். துடிப்பு தடுமாறினால் காவல்காரன் தட்டி எழுப்புவான். முழுச் சில்லும் விழித்து, உற்றுப் பார்த்து, கோளாறுதான் என்றால் குறித்துக்கொண்டு, கையில் லேசாக அதிர்ந்துவிட்டு, மறுபடி தூங்கப் போய்விடும். அதனால் பொட்டளவு பேட்டரி மாதக்கணக்கில் தாங்கும். யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த வேலை. செய்தவர்கள் நன்றாக இருக்கட்டும். அதைக் கொண்டுபோய் வாரியத்திடம் கொடுத்ததுதான் தப்பு.

பதினான்கு நாளில் பட்டை நாற்பத்தொரு முறை அதிர்ந்தது.

"நாப்பத்தொண்ணா?" என்று மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சலவைக் கடையில், வெளுத்து வந்த சட்டைகளைத் தடவிப் பார்த்து எந்தப் பட்டன் ஆடுகிறது என்று கண்டுபிடிப்பது அவளுடைய வேலை.

"நல்லதுதானே? மாட்டிக்கிச்சு பாரு," என்றார் அவர். பல மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கொஞ்சம் சிரித்தார்.

வாரியம் ஏழாவது மாடியில் இருந்தது. கீழே லிஃப்ட் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'லிஃப்ட் நல்ல நிலையில் உள்ளது. பயன்படுத்தாதீர்.' தொழில் புத்தி விடவில்லை. கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். கயிறு புதிது, கூண்டு சுத்தம்.

"நல்லாத்தானே இருக்கு?" என்று காவலாளியைக் கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கு சார். ஆள் ஏறினாத்தான் கரண்ட் எடுக்குது."

அவர் படியேறினார். மூன்றாவது மாடியிலும் ஐந்தாவது மாடியிலும் உட்கார்ந்து எழுந்தார். இரண்டு இடத்திலும் பட்டை அதிர்ந்தது. நாற்பத்து மூன்று.

மேலே கவுன்ட்டரில் இருந்த குமாஸ்தா ரொம்ப மரியாதையானவர். பட்டையை வாங்கி ஒரு பெட்டிமேல் வைத்தார், ஒரு காகிதத்தை உருவி இரண்டு கையாலும் நீட்டினார். 'ஒழுங்கான துடிப்பு. கோளாறு ஏதும் இல்லை.'

"சார், நாப்பத்து மூணு தடவை வந்திருக்கு."

"வந்திருக்கு. நாங்க வரலைன்னு சொல்லவே இல்லையே."

"அப்புறம் இல்லைன்னு எழுதியிருக்கீங்க?"

குமாஸ்தா பெருமூச்சு விட்டார். ஒரு நாளைக்கு நாற்பது பேருக்குச் சொல்லி அலுத்த விளக்கம் அது. "பாருங்க சார். இது குறைமின் வகுப்புப் பட்டை. இருபது மைக்ரோவாட்டுக்குள்ள இருந்தாத்தான் அது எங்க பட்டை. உங்களுக்குக் கோளாறு வர்றப்ப எல்லாம் அது முழிச்சிருக்கு. முழிச்சா இருநூறு எடுக்குது. அந்த நேரத்துல அது குறைமின் பட்டையே இல்ல. குறைமின் பட்டையா இல்லாத ஒண்ணு சொன்ன கணக்கை நாங்க எப்படி எடுத்துக்க முடியும்? நீங்களே சொல்லுங்க."

"முழிக்காம அது எப்படி சார் பாக்கும்?"

"அது பட்டையோட பாடு. தூங்கின நேரத்துக் கணக்கு முழுசையும் எடுத்துக்கிட்டோம். ஒரு புள்ளி விடலை. எல்லாம் பளிச்சுனு இருக்கு. உங்க இதயம் அருமையா இருக்கு சார், சந்தோஷமா போயிட்டு வாங்க."

அவர் போகவில்லை. கவுன்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குமாஸ்தாவுக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும், குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழி இருக்கு. ஒன்பதாம் நம்பர் படிவம். கோளாறு வரப்போற தேதி, நேரம் ரெண்டையும் நாப்பத்தெட்டு மணி நேரம் முன்னாடி எழுதிக் கொடுத்தீங்கன்னா, அந்த நேரத்துக்கு மட்டும் பட்டை முழிச்சுக்க விசேஷ அனுமதி தருவோம்."

முப்பது வருஷம் எச்சரிக்கைப் பலகைகளுக்குக் கீழ்ப்படிந்து உயிரோடு இருப்பவர் மெக்கானிக். படிவத்தைப் பூர்த்தி செய்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் என்று எழுதினார்.

செவ்வாயன்று குளித்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு, வாரியம் திருப்பித் தந்த பட்டையைக் கட்டிக்கொண்டு, பத்து மணிக்கே நாற்காலியில் உட்கார்ந்தார். இதயம் பாலிஷ் போட்டதுபோல ஓடியது. மாடிப்படியில் நாலு தரம் ஏறி இறங்கினார். அப்போதும் அது அசரவில்லை. பதினொன்று நாற்பதுக்கு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது, அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி மாதிரி துள்ள ஆரம்பித்தது.

வெள்ளிக்கிழமை வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. அனுமதி பெற்ற நேரத்தில் கோளாறு செய்யாமலும், அனுமதி பெறாத நேரத்தில் கோளாறு செய்தும் வாரியத்தின் மின்சாரத்தை வீணடித்ததற்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

மறுபடி ஏழு மாடி.

விசாரணை அறையில் பாதி விளக்குகள் அணைந்திருந்தன. நீளமான மேசையின் நடுவில் தலைவர். ஓரத்தில், சில்லை வடிவமைத்த எஞ்சினியர், ஒரு பெண். அவருக்கு நாற்காலி உண்டு, ஓட்டு கிடையாது. மேசைமேல் குறிப்பெடுக்கும் கருவி ஒன்று இருந்தது. அதுவும் குறைமின் வகுப்பு என்பதால் தலைவரின் குரலுக்கு மட்டும்தான் விழிக்கும்.

தலைவர் கோபக்காரர் இல்லை. தன் வீட்டுக் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"தம்பி, இந்த வாரியம் ஆரம்பிச்சப்ப ஒரு பட்டை ஆறு மாசம் ஓடிச்சு. இன்னைக்கு நாலு வருஷம் ஓடுது. எப்படி? ஒழுக்கம். முழிக்கிற பட்டையை எல்லாம் ஒவ்வொண்ணா கழிச்சுக் கட்டினோம். போன வருஷம் முப்பதாயிரம் பட்டை கொடுத்தோம், அங்கீகரிச்ச கோளாறு எத்தனை தெரியுமா? பூஜ்யம். இவ்வளவு ஆரோக்கியமான ஜனங்க வேற எங்க இருக்காங்க? சில பேர் செத்துப் போறாங்கதான். நான் மறைக்க விரும்பலை. ஆனா அந்தப் பட்டையைக் கழட்டிப் பாருங்க, பேட்டரி பாதிகூடக் குறைஞ்சிருக்காது. துடைச்சு அடுத்தவருக்குக் கட்டிடலாம். மனுஷன் போனாலும் மின்சாரம் மிச்சம். இதைப் புரிஞ்சுக்கிற மனசு வேணும்."

"ஐயா, முழிக்கணும்னுதானே அதை அப்படி…" என்று எஞ்சினியர் ஆரம்பித்தார். குறிப்புக் கருவி விழிக்கவில்லை. எனவே அவர் பேசவில்லை என்று ஆயிற்று. அவரும் பழகிப்போனவர்தான், வாயை மூடிக்கொண்டார்.

மெக்கானிக்குக்கு எங்கிருந்தோ தைரியம் வந்தது. "ஐயா, நான் லிஃப்ட் பாக்கறவன். பிரேக்கைச் சோதிக்கணும்னா கூண்டுல பாரத்தை ஏத்தித்தான் சோதிப்போம். ஆள் ஏறாத வரைக்கும் எல்லா லிஃப்டும் நல்ல லிஃப்ட்தான்யா."

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. "பிரமாதம்! ஆள் ஏறாத வரைக்கும் எல்லா லிஃப்டும் நல்ல லிஃப்ட். இதைத்தான் நானும் பத்து வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்." கருவி அதைப் பதிவு செய்துகொண்டது. மன்னிப்பும் கிடைத்தது. கூடவே புதுப் பதிப்புப் பட்டை ஒன்றை அவர் கையில் தலைவரே கட்டிவிட்டார்.

இறங்கும்போது எஞ்சினியர் பின்னாலேயே ஓடி வந்தார். ஆறாவது மாடித் திருப்பத்தில் நின்று, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"இந்தப் பதிப்புல காவல்காரன் மட்டும்தான் சார் இருக்கான். தட்டினா எழுந்திருக்க உள்ள யாரும் இல்ல. எடுத்துட்டாங்க. மன்னிச்சிடுங்க."

"நீங்க என்னம்மா பண்ணுவீங்க," என்றார் அவர். உண்மையிலேயே அந்தப் பெண்ணைப் பார்க்கத்தான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

'கோளாறு ஏதும் இல்லை' என்ற வாரியத்தின் காகிதத்தைப் பார்த்துக் கம்பெனியில் சந்தோஷப்பட்டார்கள். உடம்பு தேறிவிட்டதே, அடுத்த மாதம் முதல் இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்குப் போங்கள் என்றார் மேனேஜர். மெக்கானிக்கிடம் பன்னிரண்டு நாள் லீவு பாக்கி இருந்தது.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"கையைக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்கன்னா." மணிக்கட்டில் மூன்று விரலை வைத்தாள். "இத்தனை நாள் சட்டைப் பட்டனைத் தடவறேன். ஆடுறது எது, ஆடாதது எதுன்னு இந்த விரலுக்குத் தெரியாதா? நாளையிலிருந்து அந்த ஈ.சி.ஜி. ரூம் வாசல்ல போய் உக்காருவோம். வரும்போது வரட்டும்."

டாக்டர் மறுக்கவில்லை. வாசல் பெஞ்சில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். காலை எட்டு மணிக்கு வந்து, சாயங்காலம் கதவு பூட்டும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விரல் மணிக்கட்டிலேயே இருந்தது. அவர் ஒரு நாள் பேசினார், ஒரு நாள் தூங்கினார், ஒரு நாள் காரணமில்லாமல் சண்டை போட்டார். "கை வேர்க்குது, விடு." "வேர்க்கட்டும்." பக்கத்தில் உட்காருபவர்கள் புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஆறாம் நாள், மதியம் மூன்று மணிக்கு, அவருக்கே இன்னும் தெரியவில்லை, அவள் எழுந்துவிட்டாள்.

"எந்திரிங்க. வந்துடுச்சு."

கதவைத் தட்டக்கூட இல்லை, தோளால் தள்ளினாள். உள்ளே படுத்திருந்தவரை எழுப்பிவிட்டு இவரைப் படுக்கவைத்தாள். டாக்டர் ஓடி வந்தார். இதயம் நல்ல பிள்ளையாகச் சுதாரித்துக்கொள்வதற்குள் ஒயர்கள் ஒட்டியாகிவிட்டன. காகிதத்தில் கோடு தாறுமாறாக ஓடியது. டாக்டர் அதைக் கிழித்து வெளிச்சத்தில் பிடித்தார். கண் கலங்கியிருந்தது. களைப்பாகவும் இருக்கலாம்.

ஆனால் படிவம் படிவம்தானே. ஈ.சி.ஜி. என்பது உறுதிப்படுத்தும் கருவி. 'முதலில் கண்டறிந்த கருவி' என்ற கட்டம் காலியாக இருந்தால் வாரியம் காகிதத்தைத் தொடாது. டாக்டர் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு 'மனைவி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் கருவியை நேரில் கொண்டுவரச் சொன்னார்கள். மூன்றாம் முறையாக ஏழு மாடி. இந்த முறை அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே ஏறி, நாலு இடத்தில் அவரை உட்காரவைத்தாள். குமாஸ்தா புதுப் படிவத்தை எடுத்தார்.

"எந்த வருஷத் தயாரிப்பு?"

"கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"பழைய மாடல்," என்று எழுதிக்கொண்டார். "மின்சாரம் எவ்வளவு எடுக்கும்?"

"எனக்கு எதுக்குங்க மின்சாரம்?"

பேனா நின்றது. "கண்டுபிடிக்கிற நேரத்துலகூட?"

"இல்லீங்க."

"வாரியத்து பேட்டரி?"

"ஒண்ணும் வாங்கலை."

குமாஸ்தா எழுந்து நின்றுவிட்டார். உள்ளே ஓடினார். தலைவரே வெளியே வந்து அவளைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்தார். பூஜ்யம் மைக்ரோவாட்! பத்து வருஷக் கனவு கைத்தறிச் சேலை கட்டிக்கொண்டு எதிரில் நிற்கிறது. பத்தே நிமிஷத்தில் ஒழுங்கின்மைச் சான்று தயாராயிற்று. தற்காலிகச் சான்றுதான். கருவியின் தூக்கச் சோதனை அறிக்கை வந்து சேரும்வரை செல்லும்.

தூக்கச் சோதனைக்காக ஒரு சோதகர் மூன்று நாள், இரவும் பகலும், அவர்கள் படுக்கும் கூடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். காரணமில்லாமல் விழிக்கும் கருவிக்குத் தகுதி கிடையாது என்பது விதி. அவள் அவருக்கு வேளாவேளைக்குத் தேநீர் கொடுத்தாள். அவர் நன்றி சொல்லிவிட்டு அதையும் எழுதிக்கொண்டார். என்ன எழுதுகிறார் என்று காட்டவில்லை.

டாக்டர் விவரம் தெரிந்தவர். அறிக்கை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே சிகிச்சையை வைத்துக்கொண்டார். கம்பி போயிற்று, தப்பான இடத்தைக் கண்டுபிடித்தது, சுட்டது, வெளியே வந்தது. வாரியத்தின் தபால் பிரிவும் குறைமின் வகுப்பாக இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். அறிக்கை சனிக்கிழமை மதியம்தான் வார்டுக்கு வந்தது. ஒரு சிப்பந்தி கொண்டுவந்தார்.

மெக்கானிக் படுத்தபடியே உறையைப் பிரித்தார்.

'மேற்படி கருவி மூன்று இரவும் கண்காணிக்கப்பட்டது. அணிந்திருப்பவர் இருமியபோது விழித்தது. புரண்டபோது விழித்தது. மூச்சு மெல்ல வந்தபோது விழித்து, மூக்கருகே கையை வைத்துப் பார்த்தது. எதுவுமே நடக்காதபோதும் பதினேழு முறை விழித்தது. விசாரித்ததில், பல வருடங்களாக இப்படித்தான் என்று கருவி ஒப்புக்கொண்டது. எனவே தகுதி நீக்கம் செய்யப்படுகிறது. இக்கருவி கண்டறிந்த கோளாறு நிகழாததாகக் கருதப்படும். கருவி கையொப்பமிட்டு ஒப்புக்கொள்ளவும்.'

அவர் இரண்டாவது தரம் படித்தார். இருபத்தாறு வருஷமாக, படுத்தால் எழுந்திருக்காத தூக்கம் அவளுக்கு என்று ஊரெல்லாம் கேலி பேசியவர் அவர். அவமானமாக இருந்தது.

கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, மெத்தையில் தலையைச் சாய்த்து, அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. மணிக்கட்டைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்து போர்வைமேல் கிடந்தன.

"கையெழுத்து வேணும் சார்," என்றார் சிப்பந்தி. "எழுப்புங்க."

"மாட்டேன்."

"நான் என்னன்னு சார் எழுதிட்டுப் போறது?"

"கருவி தூங்குதுன்னு எழுதிட்டுப் போங்க."

சிப்பந்தி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே எழுதிக்கொண்டு, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் வெளியே போனார்.